ஆசும் சமயோசிதமும்

1. சிக்கல்

தனிப்பாடல்களைப் பற்றி எழுதுவோர் இரண்டு சொற்களை வேறுபாடின்றி ஆண்டு வருகின்றனர். ஒன்று ஆசுகவி, மற்றொன்று சமயோசிதப் பாடல். முன்னேற்பாடின்றி, நின்ற நிலையில் பாடியது என்பதே இரண்டிற்கும் பொதுப்பொருளாகச் சொல்லப்படுகின்றது. இலக்கிய வரலாற்று நூல்களிலும் பாடப்புத்தகங்களிலும் காளமேகப் புலவர் பெயரால் வழங்கும் பாடல்கள் ஏறத்தாழ அனைத்தும் ஆசுகவி என்னும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிடுகின்றன. முதுகலை மாணவரும் அதனையே எழுதுகின்றனர். மறுப்பாரைக் காண்பது அரிது.

சொற்களை மயங்க வழங்கினால் என்ன குறை என்று வினவலாம். குறை இரண்டு உண்டு. விரைவு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டோர், விரைந்து பாடப்பட்டதாகச் சொல்லப்படும் மெலிந்த வெண்பாவையும் வியந்து பாராட்டுகின்றனர். அவ்விரைவை நம்பாதோர், தனிப்பாடல்கள் அனைத்தையும் சொல்விளையாட்டு என ஒதுக்கி, அவற்றுள் நின்று நிலைக்கத்தக்க நல்ல கவிதையையும் உடன் ஒதுக்கி விடுகின்றனர். இரு சாராரும் தவறுவது ஒரே இடத்தில்தான். இச்சொற்கள் இரண்டும் வெவ்வேறு ஆற்றல்களைக் குறிப்பன. வெவ்வேறு வகையில் அளக்கத்தக்கன. அவ்வேறுபாட்டினைக் காஞ்சிமாநகரோடு தொடர்புடைய சான்றுகளைக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். புலவர் மரபும் அரங்கேற்ற மரபும் கோயில் விழாவும் ஒருங்கே வாய்ந்த ஊராதலின் கச்சியைத் தேர்ந்தோம்.

2. சொற்பொருள்

ஆசு என்னும் வடிவம் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உடையது. குற்றம் என்பது ஒரு பொருள். பற்றாசு என்னும் பொருளும் உண்டு. நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லோடு அடி பொருந்தாது இடைவெளி பட்டவிடத்து ஓரசையோ ஈரசையோ இட்டுப் பற்ற வைப்பதனை ஆசிடை நேரிசை வெண்பா என்பது இதுபற்றியே. ஆசுகவி என்னும் தொடரிலுள்ள ஆசு இவ்விரண்டும் அன்று. அது வடசொல், விரைவு என்பது அதன் பொருள். கிரேக்க மொழியில் விரைந்தது என்னும் பொருளில் வழங்கிய ஓகுஸ் என்னும் சொல் இதற்கு உறவுடையது. ஆகவே ஆசு என்பது காலத்தின் குறுமையைச் சொல்லுகிறதேயன்றிப் பயிற்சியின் இன்மையைச் சொல்லவில்லை.

பாட்டியல் நூலார் ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனக் கவி நான்கு என்பர். அவர்தம் கருத்தில் ஆசுகவிக்கு உறுப்புகள் இரண்டு. ஒருவன் பொருள், பா, அடி, அணி முதலியவற்றைக் குறித்துக் கொடுத்துப் பாடுக என்றல் வேண்டும்; அவன் முன்னரே புலவன் அதனைப் பாடி முடித்தல் வேண்டும். முதலாவது உறுப்பை நம்மவர் மறந்துவிடுகின்றனர். கொடுப்பான் ஒருவன் இன்றி ஆசுகவி இல்லை. காலத்தை எண்ணத் தொடங்கும் இடமும் அவன் வாய்ச்சொல்லே. பொருளைத் தேரும் உரிமை புலவனிடத்து இல்லை என்பதே அக்கவியின் நேர்மைக்குக் காப்பு.

சமயோசிதம் என்பது சமயம், உசிதம் என்னும் இரு சொற்களின் புணர்ச்சி. பொழுதுக்குத் தகுந்தது என்பது அதன் நேர்ப்பொருள். இங்கே விரைவு என்னும் கருத்து சொல்லளவில் சிறிதும் இல்லை. கொடுப்பானும் இல்லை, நிகழ்ச்சியே கொடுக்கின்றது. பாட்டியலார் வகுத்த நான்கனுள் இதற்கு இடமில்லாமையும் ஈண்டுக் கருதத்தக்கது. தமக்கெனத் தலைப்பில்லாத இவ்வகைப் பாடல்கள், அண்மையிலிருந்த ஆசு என்னும் தலைப்பின்கீழ்க் குடியேறின என்று யாம் கருதுகின்றோம். இரு சொற்களும் மயங்கியதற்கு இதுவே காரணமாதல் கூடும்.

மேலைநாட்டு மொழிகளிலும் இதனையொத்த இரட்டைச் சொற்கள் உள. இலத்தீனிலிருந்து வந்து ஆங்கிலத்தில் வழங்கும் எக்ஸ்டெம்போர், இம்ப்ராம்டு என்பன அவை. முன்னது காலத்தினின்றும் எழுந்தது என்னும் சொற்பொருள் உடையது. பின்னது கைக்கெட்டும் ஆயத்த நிலையில் இருப்பது என்னும் சொற்பொருள் உடையது. ஆயத்தமின்மையைக் குறிக்க வந்த சொல்லின் வேர் ஆயத்தத்தையே சுட்டுதல் நோக்கத்தக்கது. இன்று சொற்பொழிவுக் கலையைக் கற்பிப்போர், கருத்துகளை முன்னரே ஒழுங்கு செய்துகொண்டு, எழுதி வைத்துப் படியாமல் அவையின் நிலைக்கேற்பச் சொல்லமைத்துப் பேசுவதனை முதற்சொல்லாலும், தலைப்பைப் பெற்ற அளவிலே பேசுவதனை இரண்டாம் சொல்லாலும் குறிப்பது உண்டு. இவற்றோடு நம் சொற்கள் முற்றும் ஒக்கும் என்று யாம் கூறவில்லை. காலம் கொடுப்பது ஒன்று, பயின்ற கையில் இருப்பது மற்றொன்று என்னும் பகுப்பு அங்கும் உண்டு என்பதே எம் கருத்து. சொல் ஒன்றே ஆயத்தமின்மைக்குச் சான்றாகாது என்பதற்கும் அங்கே எடுத்துக்காட்டு உண்டு. பிரெஞ்சு நாடக ஆசிரியர் மொலியேர் 1663ஆம் ஆண்டில் இம்ப்ராம்டு என்று பெயரிட்டே ஒரு நாடகம் ஆக்கினார். அரசன் ஆணையிட்ட நாடகத்துக்கு ஒத்திகை போதாது என்று நடிகர் தவிப்பதே அதன் பொருள். அத்தவிப்பின் உரையும் ஆசிரியரால் எழுதப்பட்டதே.

3. இருவகை ஆயத்தம்

முன்னேற்பாடின்றி என்னும் தொடரில் இரு கருத்துகள் ஒளிந்து நிற்கின்றன. பாடுவோன் ஆயத்தம் ஒன்று. பாட்டின் ஆயத்தம் மற்றொன்று. முன்னது கல்வியும் பயிற்சியும்; பின்னது குறித்த அச்செய்யுளை முன்னரே அமைத்து வைத்தல். ஆசுகவி முன்னதனை வேண்டுகின்றது, பின்னதனை விலக்குகின்றது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் புலவர் ஏதொரு பயிற்சியுமின்றித் தெய்வ அருளாலே பாடினார் என்று கதை சொல்லுதல், புலவரை உயர்த்துவது போலத் தோன்றினும், உண்மையில் அவர்தம் உழைப்பை மறைக்கின்றது.

பல்லவர் காலக் கச்சியோடு தொடர்புபடுத்தப்பெறும் தண்டியாசிரியர் தம் காவியாதரிசத்தில் கவிதைக்கு ஏதுக்களாக இயற்கையறிவு, மாசற்ற பெருங்கல்வி, தளராத பயிற்சி என மூன்றனைக் கூறுகின்றார். அம்மட்டோ? பிறவியாற்றல் வாயாதவிடத்தும் கல்வியும் முயற்சியும் கொண்டு வழிபடுவார்க்குக் கலைமகள் ஓரளவு அருள்புரிவாள் என்றும் உரைக்கின்றார். உரோம நாட்டில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த குவின்டிலியன், சொற்பொழிவுக் கல்வி பற்றிய தம் 12 பகுதிகள் கொண்ட நூலின் பத்தாம் பகுதியில், முன்னெழுதாது பேசும் ஆற்றலை நெடுங்காலக் கல்வியின் தலையாய பயனாக வைத்துப் பேசுகின்றார். இருவரும் வேறு நாட்டினர், வேறு காலத்தினர். எனினும் விரைவைப் பயிற்சியின் பகையாக இருவருமே கருதிற்றிலர்.

கச்சியிற் பிறந்த மற்றொரு பெரும்புலவர் வேதாந்த தேசிகர். விளக்கொளிப் பெருமாள் கோயில் கொண்ட தூப்புல் அவர் பிறந்த இடம். ஆண்டு 1268 என்பது மரபு. திருவரங்கநாதர் திருவடிநிலையின்மீது அவர் பாடிய பாதுகா சகஸ்ரம் 32 பகுதிகளும் 1008 சுலோகங்களும் உடையது. போட்டியொன்றன் பொருட்டு ஓரிரவிலே, அதனுள்ளும் ஒரு யாமத்திலே அது பாடி முடிக்கப்பட்டது என்பது வழிவழி வந்த செய்தி. யாமம் என்பது மூன்று மணி நேரம், நொடிகளாக்கின் 10,800. அதனை 1008 ஆல் வகுத்தால் ஒரு சுலோகத்திற்கு 11 நொடிக்கும் குறைவாகவே கிடைக்கும். நான்கடிச் சுலோகம் ஒன்றினை நிறுத்தி ஓதுவதற்கே அவ்வளவு காலம் வேண்டும். இக்கணக்கை யாம் இழித்துரைக்கும் நோக்கத்தோடு கூறினோமல்லேம். மரபு எதனை வியந்தது என்பதைக் காட்டவே கூறினோம். அது வியந்தது கால அளவை.

அந்நூலின் சித்திரப் பகுதியோ வேறொன்றனைப் புலப்படுத்துகின்றது. சதுரங்கத்தில் குதிரை செல்லும் முறையில் அமைந்த கட்டு ஒன்று அங்கே உண்டு. 32 எழுத்துடைய ஒரு சுலோகத்தை நான்கு வரிசையும் எட்டு நிரலுமாகக் கட்டங்களில் எழுதி, குதிரைப் பாய்ச்சலில் கட்டந்தோறும் ஒருமுறையே சென்று எழுத்துகளைக் கூட்டினால் வேறொரு சுலோகம் கிடைக்கும். 32 கட்டங்களையும் ஒன்றும் விடாது, ஒன்றும் இருமுறை தொடாது குதிரையால் சுற்றிவரும் நெறியை அறியாதார்க்கு இது கைகூடாது. அந்நெறி தேசிகர் காலத்திலே புதிதாகத் தோன்றியதும் அன்று. காசுமீரத்து உருத்திரடர் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே தம் அலங்கார நூலில் குதிரைப் பாய்ச்சற் கட்டுக்கு எடுத்துக்காட்டு அமைத்துள்ளார். எனவே அவ்விரவு எத்துணைக் குறுகியதாயினும், அதன் பின்னால் நானூறு ஆண்டு வழங்கிவந்த கல்வி ஒன்று நின்றது. பாட்டு அன்றைக்குப் புதிது. பாடுவோன் ஆயத்தம் பழையது.

கச்சியில் வாழ்வார்க்கு இதனை விளங்கச் செய்யத் தறி ஒன்றே போதும். பட்டு நெய்யுமிடத்தில் நாடா ஓடுவது கண்ணிமைப் பொழுது. ஆனால் அது ஓடுவதற்கு முன் பாவு நீளமாக விரித்துச் செம்மை செய்யப்பட்டிருத்தல் வேண்டும். பழைய பாவின் முனைகளோடு புதிய பாவின் இழைகள் ஒவ்வொன்றாகப் பிணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். வந்து பார்ப்பவன் கண்ணுக்கு ஊடையின் ஓட்டமே தெரியும். நன்னூலாரும் பாயிரத்தில் சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் புலவனை நூற்பவளாகவும் உவமித்தார். அவ்வுவமையில் கையும் கதிரும் உண்டு. இவை பழக்கத்தால் இயங்குவன.

4. விரைவிருந்தும் ஆசு ஆகாதது

விரைவு ஒன்றே ஆசுவை ஆக்குமாயின், குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியாரையும் ஆசுகவி என்றல் வேண்டும். கந்தபுராணம் 10,345 செய்யுள் உடையது. அவர் நாள்தோறும் நூறு செய்யுள் இயற்றி இரவில் முருகன் திருவடியில் ஏட்டினை வைத்துத் திருக்காப்பிட்டு வருவர் என்பதும், காலையில் ஏட்டில் திருத்தம் காணப்படும் என்பதும் கோயில் வரலாறு. அவ்வாறாயின் நூல் நிறைவேற 104 நாள் போதும். நாளொன்றுக்கு நூறு செய்யுள் என்பது எப்புலவர்க்கும் பெருவிரைவே. ஆயினும் அவரை ஒருவரும் ஆசுகவி என்றிலர். ஏன்?

முதலாவது, அங்குள்ள கொடுப்பு வேறு. திகடசக்கரம் என முருகனே முதற்சொல் எடுத்துக் கொடுத்தான் என்பர். சுந்தரர்க்கும் சேக்கிழார்க்கும் இறைவன் முதற்சொல் தந்ததாக வரும் செய்திகளும் இவ்வினத்தன. ஆசுகவியில் கொடுப்பவன் சோதிப்பவன். இங்கே கொடுப்பவன் அருள்பவன். சோதனை இல்லாதவிடத்துக் காலக்கெடு இல்லை.

இரண்டாவது, அங்கே இரவு ஒன்று இடையே நிற்கின்றது. எழுதியது மறுநாள் திருத்தம் பெறுகின்றது. வாயினின்றும் வந்த சொல்லை மீட்டெடுக்க இயலாமை ஆசுகவியின் இயல்பு. மீட்டுத் திருத்தும் வாய்ப்பு புராண ஆக்கத்தின் இயல்பு.

மூன்றாவது சான்று அரங்கேற்றத்தில் கிடைக்கின்றது. திகழ் என்பதும் தசம் என்பதும் புணர்ந்து திகடசம் என வருதற்கு விதி யாது என்று அவையில் ஒருவர் தடை எழுப்பினார். விடை அப்பொழுதே கிடைக்கவில்லை. அரங்கேற்றம் மறுநாளைக்கு ஒத்திவைக்கப்பட்டது. சோழநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் வீரசோழியத்தில் அதற்கு விதி காட்டித் தடையை நீக்கினார் என்பது வரலாறு. வீரசோழியம் பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திரன் காலத்தில் புத்தமித்திரர் இயற்றியது. இதில் நாம் நோக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு நாள் கழித்துவந்த விடையால் கச்சியப்பர் பெருமை சிறிதும் குன்றவில்லை. ஆசுகவியின் அவையில் அதே தாழ்வு தோல்வியாகவே எண்ணப்பட்டிருக்கும். ஆகவே நூலின் அவையும் ஆசுவின் அவையும் வேறு வேறு நீதி உடையன.

5. பொழுது தந்த பாட்டு

இனிச் சமயோசிதத்திற்கு வருவோம். காளமேகம் பெயரால் வழங்கும் பாடல்களுள் கருடசேவை பற்றிய வெண்பா ஒன்று பலரும் அறிந்தது. பெருமாளும் நல்லவர், திருநாளும் நன்று. அவர் தம்மிடத்தில் வாளா இராமையால் பருந்து ஒன்று தூக்கிச் செல்கின்றது என்பது அதன் கருத்து. காஞ்சி வரதராசர் கருடன்மேல் எழுந்தருளுதலைக் கண்டு பாடியது என்று சொல்லுவர். செய்யுளினுள் ஊர்ப்பெயர் இல்லை என்பதனை மாணவர் குறித்துக்கொள்ளுதல் நலம். ஊரைத் தந்தது மரபுச் செய்தியே.

இப்பாடலுக்குக் கொடுப்பான் யார்? ஒருவரும் இலர். விழாவே கொடுத்தது. இவ்வெண்பா எவ்வளவு நேரத்தில் பாடப்பட்டது என்பது அதன் சுவைக்கு வேண்டப்படுவதொன்றா? அன்று. கருடனைப் பருந்து என்னும் ஒரு சொல்லால் உலா கடத்தலாக மாறிவிடுகின்றது. பழித்தல் போலப் புகழ்தல் அமைகின்றது. பல்லக்கின் முன் கூடிய கூட்டத்தோடு புலவனும் நின்று நகுகின்றான். இவை அனைத்தும் செய்யுளுக்குள்ளேயே உள.

காஞ்சியில் வைகாசித் திருவிழாவின் மூன்றாம் நாள் கருடசேவை நடைபெறும் என்பது நாடறிந்தது. நாளும் வாகனமும் முன்னரே தெரிந்தவை. எனவே புலவர் இவ்வெண்பாவைப் பதினொரு திங்கள் நெஞ்சிலே வைத்திருந்து, கருடன் கோபுரவாயிலைக் கடக்கும் பொழுதில் வெளியிட்டார் என்று ஒருவர் கூறினும் அதன் சமயோசிதத் தன்மைக்கு இழுக்கில்லை. பொழுதுக்குத் தகுதலே அதற்கு வேண்டும். அவ்வாறே ஆசுகவி ஒன்று முன்னரே அமைக்கப்பட்டிருந்தது என்று தெரியவருமாயின், அது வஞ்சனையாகிவிடும். இரு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் சுருங்கச் சொல்லுதல் அரிது. முன்னமைப்பு ஆசுவைக் கெடுக்கும், சமயோசிதத்தைக் கெடுக்காது.

தாழ்த்தலும் இவ்விரண்டையும் வெவ்வேறாகத் தாக்குகின்றது. கெடு கடந்துவந்த ஆசுகவி தோற்றதாயினும் செய்யுளாக நிற்கலாம். பொழுது கடந்துவந்த சமயோசிதப் பாடலோ அவையில் பொருளற்றதாகும். பெருமாள் கோயிலுக்குள் மீண்ட பின் பருந்தைக் கூவி அழைப்பதில் நகையில்லை.

இதற்கு மறுதலையாகக் காளமேகத்தின் மற்றொரு பாடலை நோக்குவோம். செருப்பு எனத் தொடங்கி விளக்குமாறு என முடித்து முருகனைப் பாடுக என்று ஒருவர் கேட்கப் பாடியதாக வருவது அது. தொடக்கச் சொல்லைச் செரு, புக்கு எனப் பிரித்துப் போர்க்களம் புகுதலாக்கியும், முடிவுச் சொல்லை விளங்கச் சொல்லும் வகை என்னும் பொருளதாக்கியும் புலவர் தப்புகின்றார். இங்கே கொடுப்பானை நீக்கிவிட்டால் பாடலின் சுவையிற் பெரும்பகுதி போய்விடும். இழிந்த இரு சொற்களைத் தெய்வத்தின் புகழுக்கு ஆக்குக என்னும் வல்வழக்கை நாம் அறிந்திருந்தாலன்றி, அச்சொற்பிரிப்பின் திறம் நமக்குப் புலப்படாது. ஆசுகவி வினாவோடு சேர்ந்தே நிறைவு பெறுகின்றது. சமயோசிதப் பாடல் நிகழ்ச்சியைத் தன்னுள் ஏற்றுக்கொண்டு தனித்து நிற்கின்றது.

6. இரட்டையர்

இவ்விரண்டும் கலந்துநிற்கும் அரிய நிலைமைக்கு இரட்டைப்புலவர் சான்றாவர். இளஞ்சூரியர், முதுசூரியர் என வழங்கப்பெறும் அவ்விருவருள் ஒருவர் காலிலார், ஒருவர் கண்ணிலார். ஒருவர் வெண்பாவின் முற்பாதியைச் சொல்ல மற்றவர் பிற்பாதியை முடிப்பது அவர்தம் வழக்கம் என்பர். இம்முறையில் புறத்தே ஒரு கொடுப்பான் வேண்டுவதில்லை. முற்பாதி பாடியவரே பிற்பாதிக்குக் கொடுப்பானாகின்றார். சமுத்தி பாடுதல் என்னும் வழக்கம் இவ்விருவர்க்குள்ளேயே நிகழ்ந்துவிடுகின்றது. முற்பாதி பெரும்பாலும் கண்ட நிகழ்ச்சியைப் பற்றியதாதலின் சமயோசிதம். பிற்பாதி கொடுத்ததை முடித்தலின் ஆசு. ஒரே வெண்பாவில் இரு திறமும் அமைவதனை இவர்பால் காண்கிறோம்.

இவரே கச்சியில் ஏகாம்பரநாதர் உலாவையும் பாடினர். உலாவில் சம்புவராயர் குறிக்கப்பெறுதலின் இவரைப் பதினான்காம் நூற்றாண்டினர் என்பர். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுவகைப் பருவமும் முறைப்பட வகுத்து, கலிவெண்பாவில் நெடிது நடக்கும் பிரபந்தத்தில் பாதி கூறிப் பாதி முடித்தல் என்னும் வழக்கிற்கு இடமில்லை. அது திட்டமிட்டு ஆக்கிய நூல். ஆகவே ஆசுகவி என்பது புலவர்க்கு நிலைத்த பட்டமாக வழங்கினும், அவர் பாடிய அனைத்திற்கும் உரிய அடைமொழியாகாது. கவியை வகுக்க வந்த சொல்லைக் கவிஞரை வகுக்கப் பயன்படுத்தியதும் மயக்கத்திற்கு மற்றொரு காரணம்.

இவரைப் பற்றிய திருவாரூர்ச் செய்தி ஒன்று இங்கு மிகவும் பயன்படுவது. சிவபெருமான் திரிபுரம் எரித்ததனை எள்ளல் போல வைத்து, வில்லும் நாணும் அம்பும் ஒன்றும் பயன்படாதவை என்னும் கருத்தில் வெண்பா ஒன்றைத் தொடங்கிய இரட்டையர், பாதியில் முடிக்க இயலாது அதனை எழுதிவைத்துச் சென்றனர் என்றும், பின்னர் வந்து நோக்கியபோது காளமேகம் அதனை முடித்திருக்கக் கண்டனர் என்றும் கூறுவர். காளமேகம் திருமலைராயன் காலத்தவராதலின் பதினைந்தாம் நூற்றாண்டினர் எனக் கொள்ளப்படுகின்றார். எனவே கதையின்படி இரு சாராரும் ஒரு காலத்தவராதல் ஐயத்திற்குரியது. எழுதிவைத்த பாதி வெண்பா நூறாண்டும் காத்திருக்கும். ஆனால் திரும்பிவந்து நோக்குவார் காத்திரார்.

காலவாராய்ச்சியை விடுத்துக் கருத்தை மட்டும் கொள்வோம். ஆசுகவிகளுக்கும் சொல் தடைப்படும் என்பதை ஆசுகவிகளைப் புகழவந்த மரபே ஒப்புக்கொள்கின்றது. தடைப்பட்ட பாட்டை முடித்த பிற்பாதி, எத்துணைக் காலம் கழித்து வந்ததாயினும், இன்றும் போற்றப்படுகின்றது. விரைவுக்காக அன்று, முற்பாதியின் எள்ளலைக் குறைக்காமல் இறைவன் வெற்றியை அதனாலேயே மிகுவித்தமைக்காகவே அது போற்றப்படுகின்றது. இங்கே ஆசு தோற்றது, கவி வென்றது.

7. ஆராயும் நெறி

தனிப்பாடல்களை இன்று நாம் பெரும்பாலும் தலைக்குறிப்போடு படிக்கின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொன்னுசாமித் தேவர் வேண்டுகோளால் தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராச பண்டிதர் தொகுத்த தனிப்பாடல் திரட்டும், அதற்கு முற்பட்ட தமிழ் நாவலர் சரிதையும் இல்லையேல் இச்செல்வத்தில் பெரும்பங்கை இழந்திருப்போம். ஆனால் தலைக்குறிப்பு வேறு, செய்யுள் வேறு. பாட்டிலிருந்தே கதை பிறந்து, பின் அக்கதையே பாட்டுக்குச் சான்றாக நிற்றலும் உண்டு. பாடியவர்க்கும் தொகுத்தவர்க்கும் இடையே நூற்றாண்டுகள் கிடக்குமிடத்து, இன்னார் கேட்க இன்னார் உடனே பாடியது என்னும் குறிப்பை நேரிற் கண்டார் கூற்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

நேரிற் கண்டார் உளராகிய இடமும் உண்டு. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1907ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். வினவுவோர் அவையில் இருந்தனர். கொடுக்கப்பட்டது இன்னது என்பது யாவர்க்கும் தெரிந்திருந்தது. ஆசுவுக்கு வேண்டிய கொடுப்பும் கெடுவும் அங்கே வெளிப்படை. அத்தகைய சான்று பழம்பாடல்களுக்குக் கிட்டாமையின், செய்யுளையே சான்றாக்குதல் வேண்டும்.

அதற்கு யாம் கூறும் நெறி எளிது. தலைக்குறிப்பைக் கையால் மறைத்துவிட்டுப் பாடலைப் படித்தல் வேண்டும். பாடலின் அமைப்பிலேயே வலிந்து புகுத்தப்பட்ட சொல்லோ, விலக்கப்பட்ட எழுத்தோ, ஒவ்வாத இரு பொருள்களின் இணைப்போ காணப்படின், கொடுப்பான் ஒருவன் இருந்திருத்தல் கூடும் எனக் கொள்ளலாம். அதனை ஆசுகவி வகையில் வைக்கலாம். அத்தகைய நெருக்கம் யாதும் இன்றி, ஒரு விழாவோ ஒரு காட்சியோ ஒரு மனிதனோ பாடலுக்குள்ளே நின்று அதனை இயக்குமாயின் அதனைச் சமயோசிதப் பாடல் எனலாம். குறிப்பை நீக்கியவுடன் இரண்டும் புலப்படாத பாடல்களை வகைப்படுத்தாது விடுதலே நேர்மை.

இதற்கு ஒரு தடை எழலாம். புலவன் தனக்குத் தானே நெருக்கத்தை வகுத்துக்கொண்டு ஓய்வாக இருந்து சொற்சித்திரம் செய்தல் இல்லையோ என்பர். உண்டு. அதுவே சித்திரகவி எனப் பாட்டியலார் வேறு வகுத்தது. செய்யுளை மட்டும் நோக்கி ஆசுவையும் சித்திரத்தையும் எவ்விடத்தும் பிரித்துவிட இயலாது என்பதனை யாமும் உடன்படுகின்றோம். ஆகவேதான் கொடுப்பான் இருந்திருத்தல் கூடும் என்றோம். இருந்தான் எனத் துணிந்தோமல்லேம். ஆனால் சமயோசிதப் பாடல் இவ்விரண்டனோடும் மயங்காது. அதனைப் பிரித்தெடுத்தலே இன்று உடனடியாக வேண்டப்படுவது. இலக்கியச் சுவையால் மிக்க பாடல்கள் பெரும்பாலும் அவ்வகையினவே என்பது எம் எண்ணம்.

தனிப்பாடல்களுக்குச் செம்பதிப்பு வெளியிட முயல்வோர் ஒவ்வொரு பாடலுக்கும் மூன்று செய்திகளைத் தனித்தனியே குறித்தல் நன்று: கொடுப்பு செய்யுளில் உள்ளதா, குறிப்பில் மட்டும் உள்ளதா, இரண்டிலும் இல்லையா என்பது ஒன்று, ஊரும் விழாவும் பாடலுக்குள் உள்ளனவா என்பது ஒன்று, அதே பாடல் வேறு புலவர் பெயரால் வழங்குகின்றதா என்பது ஒன்று. இவற்றைத் தொகுத்து நோக்கிய பின்னரே காளமேகத்தின் விரைவைப் பற்றி நாம் பேச உரிமை உடையோம். அவர்தம் கவிதையைப் பற்றிப் பேசுதற்கோ அதற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. கருடசேவை வெண்பா ஒரு நொடியில் பிறந்ததாயினும் ஓராண்டில் பிறந்ததாயினும் அது நல்ல வெண்பாவே.